திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டரை எப்படிக் கடப்பது?

திருச்சி விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 184 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையமும் ஏறக்குறைய 184 கிலோமீட்டர்தான். மேற்கே ஒரு கோடு, தென்கிழக்கே ஒரு கோடு, இரண்டும் ஒரே நீளம். சென்னைகூட நேர்கோட்டில் 290 கிலோமீட்டருக்கு மேல். ஆக, சென்னையைவிட யாழ்ப்பாணம் நமக்குப் பக்கம்.

கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். திருச்சி நிலையம் வடக்கு 10.77 பாகை, கிழக்கு 78.71 பாகை. பலாலி வடக்கு 9.79, கிழக்கு 80.07. ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர்; நம் பக்கத்தில் கிழக்கு மேற்காக அளந்தால் கொஞ்சம் குறையும், 109 என்று வைத்துக்கொள்ளலாம். தெற்கே 109 கிலோமீட்டரும் கிழக்கே 148 கிலோமீட்டரும் இறங்கினால், பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குப்படி குறுக்கே 184 வரும். அந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பாருங்கள். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே போய், அதிராம்பட்டினம் பக்கம் கடலில் இறங்கும். பாதித் தூரம் நிலம், பாதித் தூரம் பாக் நீரிணை.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போக எத்தனை நேரம் ஆகும், எந்த வழி நல்லது என்பதுதான் கேள்வி. என் மனைவி யாழ்ப்பாணம் பக்கத்துச் சுன்னாகத்துக்காரர். அதனால் கொழும்பு வழி, நாகப்பட்டினம் கப்பல், நேர் விமானம் என்று மூன்றிலும் குடும்பத்தோடு போய் வந்துவிட்டேன். பயண ஏற்பாடு செய்யும் சொந்தக்காரர்கள் எல்லாம் என்னிடம்தான் போன் போட்டுக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

டிக்கெட்டில் இருக்கும் ஒரு மணி நேரம்

2025 மார்ச் 30-ஆம் தேதி இண்டிகோ நிறுவனம் திருச்சி – யாழ்ப்பாணம் நேரடி விமானத்தைத் தொடங்கியது. டிக்கெட்டில் பயண நேரம் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். ஓடுவது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம், 78 இருக்கை. மட்டமாகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அப்படியானால் 184 கிலோமீட்டரை 22 நிமிடத்தில் கடந்துவிட வேண்டுமே?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. கதவை மூடி, சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்கும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போக வேண்டும், முன்னால் ஏதாவது விமானம் இருந்தால் காத்திருக்க வேண்டும், ஏறுமுகத்தில் முழு வேகம் வராது, இறங்குமுகத்தில் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். காற்று வீசும் திசையைப் பார்த்து ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்று முடிவாகும். சில நாள் சுற்றிவந்துதான் இறங்குவார்கள். குறுகிய தூர விமானத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பயணம். நடுவில் மட்டமாகப் பறப்பது கொஞ்ச நேரம்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தவரை, சக்கரம் தரையை விட்டதிலிருந்து பலாலித் தரையைத் தொடும் வரை நாற்பது நிமிடத்தை ஒட்டித்தான் இருந்தது.

இந்த நாற்பது நிமிடத்தை நம்பி யாரும் நாளைத் திட்டமிட வேண்டாம். முதல் முறை நாங்கள் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். உறையூரில் வீட்டைப் பூட்டியது காலை பத்து மணிக்கு முன். பன்னாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருக்கச் சொல்வார்கள். பத்தேகாலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம். 2024 ஜூனில் திறந்த புதிய முனையம் விசாலமானது, காத்திருப்பதில் சிரமம் இல்லை. பெட்டி போட்டு, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை முடித்து, மதியம் ஒன்றரை வாக்கில் கிளம்பி இரண்டரைக்கு இறங்கினோம். அங்கே முத்திரை குத்தி, பெட்டி வந்து, சுங்கம் தாண்டி வெளியே வர முக்கால் மணி நேரம். பலாலியிலிருந்து புன்னாலைக்கட்டுவன் வழியாகச் சுன்னாகம் பத்து கிலோமீட்டர் சொச்சம். வீட்டு வாசலில் கால் வைத்தபோது மணி மூன்றே முக்கால்.

அத்தை, அதாவது மனைவியின் அம்மா, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "பிளேன் ஒரு மணித்தியாலம் எண்டு சொல்லிப்போட்டு, விடிய வெளிக்கிட்ட பிள்ளையள் பின்னேரமாகியும் வந்து சேரேல்லையே எண்டு நான் படலையையே பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார். மதியம் ஆக்கிய சோறு ஆறிப்போயிருந்தது. படலை என்றால் வீட்டு வாசல் கதவு. டிக்கெட்டில் ஒரு மணி நேரம், படலைக்குப் படலை ஆறு மணி நேரம். எந்த வழியை ஒப்பிட்டாலும் நான் பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான். அத்தையின் அளவுகோல்தான் சரி.

ஆறு மணி நேரம் என்பது திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் போய் வீடு சேரும் நேரம். அதே தூரம், ஏறத்தாழ அதே பொழுது. கடலும் கடவுச்சீட்டும் குறுக்கே இருந்தும் இவ்வளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

விமானத்தின் நல்லதும் கெட்டதும்

ஏடிஆரில் போகாதவர்களுக்குச் சில விஷயங்கள். பயணிகள் பின்பக்கக் கதவு வழியாக ஏறுவார்கள். முன்பக்கம் சரக்கு அறை. இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே தரை தெரியும். விசிறிச் சத்தம் முன்பாதியில் அதிகம். பின்வரிசையில் இடம் கேளுங்கள், சத்தமும் குறைவு, இறங்கும்போது முதலில் இறங்கலாம். தலைக்கு மேல் பை வைக்கும் அறை சின்னது. பெரிய விமானத்தில் கைப்பெட்டியாக ஏறும் சக்கரப் பெட்டியை இதில் படிக்கட்டருகே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். மாத்திரை, நகை, பாஸ்போர்ட் எல்லாம் தனியாக ஒரு சின்னப் பையில் வையுங்கள்.

பறக்கும் உயரம் குறைவு என்பதால் காட்சி தெளிவு. யாழ்ப்பாணம் போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் வேதாரண்யம் உப்பளங்கள் கட்டம் கட்டமாக, வெள்ளையும் சாம்பலும் ரோஜா நிறமுமாகத் தெரியும். மகன் அதைப் பார்த்து "அப்பா, கணக்கு நோட்டு மாதிரி இருக்கு" என்றான். அதற்குப் பிறகு நீலம் மட்டும்தான். பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் வடமராட்சிப் பக்கத்துக் கரையோ தீவுகளோ வந்துவிடும், அதன் பின் செம்மண்.

குறை என்று பார்த்தால் எடை. சின்ன விமானம், எல்லாவற்றுக்கும் எடைக் கணக்கு உண்டு. அனுமதித்ததற்கு மேல் ஒரு கிலோவுக்கும் பணம். கல்யாணச் சீர் கொண்டுபோகிறவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து ஒடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் என்று மூட்டை கட்டிவருகிறவர்கள் இதில் அடிபடுவார்கள். மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். அத்தை நெஸ்டமோல்ட் என்ற மால்ட் பானத் தூளின் காலி டின்னில் அமுக்கி அடைத்து, மூடிக்கு மேல் பாலித்தீன் கட்டி, அதற்கு மேல் பழைய சேலைத் துண்டு சுற்றித் தருவார். இதுவரை ஒரு துளி சிந்தியதில்லை.

டிக்கெட் விலையும் நிலையாக இருப்பதில்லை. ஒரு மாதம் முன்னால் எடுத்தால் ஒரு விலை, நாளைக்கு என்றால் வேறு விலை. பொங்கல், யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழா, பள்ளி விடுமுறை என்றால் இன்னும் ஏறும். 78 பேர் போகும் விமானத்தில் கடைசி பத்து இடத்துக்கு அடிதடி இருக்கத்தானே செய்யும்? நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் போகிறவர்கள் தேதி தெரிந்த உடனே எடுத்துவிடுவது நல்லது.

கப்பல்

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலம் வந்து நின்றது. பிறகு 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' என்ற 150 பேர் போகும் கப்பலோடு மறுபடி தொடங்கியது. கடல் தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். பயண நேரம் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சிக்காரருக்கு இதில் ஒரு சிக்கல். திருச்சியும் நாகப்பட்டினமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆக, முதலில் நேர் கிழக்கே தஞ்சாவூர், திருவாரூர் வழியாக 140 கிலோமீட்டர் போய், அங்கிருந்து தெற்கே திரும்பிக் கடலில் 110 கிலோமீட்டர். முக்கோணத்தின் குறுக்குக் கோட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் நடப்பது போல. கப்பல் காலையில் புறப்படும் என்பதால் விடியற்காலையில் துறைமுகத்தில் நிற்க வேண்டும். நாங்கள் இரவு இரண்டு மணிக்குக் கார் எடுத்தோம். சுன்னாகம் வீட்டில் சேரும்போது மதியம் ஒன்றரை. பதினொன்றரை மணி நேரம். இதை அறிந்தவர்கள் முதல்நாள் சாயங்காலமே நாகூரிலோ வேளாங்கண்ணியிலோ போய்த் தங்கிவிடுகிறார்கள். அறை வாடகையையும் கார் வாடகையையும் கப்பல் டிக்கெட்டோடு கூட்டினால், விமான டிக்கெட்டைவிட மலிவு என்ற எண்ணம் பல நேரம் கரைந்துபோகும். இரண்டையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

ஆனாலும் கப்பலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. கடலைக் கடந்துதான் போகிறோம் என்பது அதில்தான் உடம்புக்குத் தெரிகிறது. நாகப்பட்டினம் கலங்கரை விளக்கம் சின்னதாகி மறைந்த பிறகு இரண்டு மணி நேரம் நாலா பக்கமும் தண்ணீர். பிறகு காங்கேசன்துறை சீமெந்து ஆலையின் புகைபோக்கிகள் ஒரு கோடாகத் தெரியத் தொடங்கும். என் மனைவி அதைப் பார்த்ததும் கைபேசியை எடுத்து, "அம்மா, எனக்கு ஊர் தெரியுது" என்றார். துறைமுகத்திலிருந்து சுன்னாகம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். கீரிமலை அதைவிடப் பக்கம். பிதிர்க்கடன் செய்யப் போகிறவர்கள் இறங்கியதும் அங்கே போய்விடலாம்.

தீர்மானிப்பது காற்றுதான். வாடைக்காற்றுக் காலமான ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கப்பல் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் நிறுத்தியது 2025 பிப்ரவரி 22-ல்தான் மறுபடி ஓடியது. ஆடி, ஆவணியில் சோழகக் காற்று. கப்பல் ஓடும், ஆனால் ஆட்டம் இருக்கும். எங்கள் பயணம் ஆவணியில். மகன் மூன்று முறை வாந்தி எடுத்தான், நான் ஒரு முறை. மாத்திரையைக் கப்பல் ஏறிய பிறகு போட்டால் பயனில்லை. அரைமணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். கடல் நல்ல பிள்ளையாக இருப்பது மாசி, பங்குனி, சித்திரையில். கப்பலில் போக ஆசை இருந்தால் அந்த மூன்று மாதத்தில் போங்கள்.

இன்னொன்று, திரும்பும் தேதி கட்டாயமாக இருக்கிறவர்கள் கப்பலை நம்பித் திட்டம் போட வேண்டாம். வானிலை எச்சரிக்கை வந்தால் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. திங்கட்கிழமை வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் விமானம்தான். இலங்கைப் பாஸ்போர்ட்டில் இந்தியா வருகிறவர்கள் இ-விசா எந்த நிலையத்தில், எந்தத் துறைமுகத்தில் செல்லும் என்பதைப் பார்த்துவிட்டே டிக்கெட் எடுக்க வேண்டும். திருச்சி விமான நிலையத்தில் செல்லும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களும் இலங்கையின் மின்னணு அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. அதன் கட்டணமும் விதியும் அவ்வப்போது மாறுகின்றன, பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அரசுத் தளத்திலேயே பாருங்கள்.

கொழும்பு வழி

கல்யாணமான புதிதில் எங்களுக்கு இதுதான் வழி. திருச்சியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் நேர்கோட்டில் 415 கிலோமீட்டர் சொச்சம். விமானம் ஒரு மணி நேரம்தான். அதாவது யாழ்ப்பாணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தூரம், டிக்கெட்டில் அதே ஒரு மணி நேரம். பெரிய ஜெட் விமானம் என்பதால் வேகம் அதிகம். தூரத்துக்கும் டிக்கெட் நேரத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிறகுதான் பாடு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீட்டர். நாம் பறந்து தாண்டிய தூரத்தை அப்படியே வடக்கே திரும்பிப் பஸ்ஸில் வர வேண்டும். இரவுப் பஸ் என்றால் எட்டு மணி நேரம். புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று வந்து, ஆனையிறவில் கண் விழித்தால் விடிந்திருக்கும். ஒரு நாள் காலை வீட்டை விட்டவர்கள் மறுநாள் காலை படலையைத் திறந்தோம். குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. அதை இன்னொரு முறை செய்யச் சொன்னால் மாட்டேன்.

கொழும்பில் வேலை இருக்கிறவர்கள், கண்டி, நுவரெலியா பார்த்துவிட்டு வடக்கே போகிறவர்கள், பெரிய பெட்டிகள் வைத்திருப்பவர்கள் இந்த வழியில் போகலாம். யாழ்ப்பாணம் மட்டுமே இலக்கு என்றால் இதை எடுக்க ஒரு காரணமும் இல்லை.

சென்னை வழி இன்னும் சுருக்கமாக முடிந்துவிடும். பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக 2019 அக்டோபர் 17-ல் திறக்கப்பட்டு, அந்த நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் ஓடத் தொடங்கியது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. சென்னை, காஞ்சிபுரம், வேலூர்க்காரர்களுக்கு அதுதான் வழி. திருச்சிக்காரர் தெற்கே போவதற்காக வடக்கே ஆறு மணி நேரம் போவது, திருச்சி விமானத்தில் இடம் கிடைக்காத நாளுக்கு மட்டும்.

யார் எதை எடுக்கலாம்

திருச்சி, புதுக்கோட்டை, கரூர், திண்டுக்கல், மதுரை: நேர் விமானம். மதுரையிலிருந்து திருச்சி நிலையத்துக்கு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். கொழும்பு சுற்றுவதைவிட இது பல மடங்கு மேல். தஞ்சாவூர்க்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். வயசானவர்கள் கூட வந்தால் விமானம், இளவட்டங்கள் நாலு பேர் என்றால் மாசி, பங்குனியில் கப்பல். திருவாரூர், நாகை, காரைக்கால், மயிலாடுதுறைக்காரர்களுக்குக் கப்பல் வாசலில் நிற்கிறது. வாடைக்காலம் தவிர அவர்கள் திருச்சிக்கு வர வேண்டியதே இல்லை.

சாவு வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கு எதில் இடம் இருக்கிறதோ அதில் ஏறுங்கள். அத்தையின் தம்பி இறந்தபோது நேர் விமானம் இல்லை. கொழும்பு வழியாகப் போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்து சாம்பல்தான் இருந்தது. 184 கிலோமீட்டரில் இருந்துகொண்டு முகம் பார்க்க முடியாமல் போனதை என் மனைவி இன்றும் சொல்லி அழுவார். திருச்சியிலிருந்து நேர் விமானம் வேண்டும் என்று பல வருஷம் பலர் கேட்டதற்குப் பின்னால் இப்படி எத்தனையோ வீடுகளின் கதை இருக்கிறது.

இந்த வழி புதிதும் அல்ல. 1947 டிசம்பர் 10-ல் அன்றைய இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. பிறகு டகோட்டா விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் ஓடின. அத்தையின் அப்பா அதில் வந்து, ஸ்ரீரங்கம் கும்பிட்டு, பெரிய கடைவீதியில் கூறைச்சேலை வாங்கிக்கொண்டு போனாராம். அந்தச் சேலை இன்னும் அத்தையின் அலுமாரியில் இருக்கிறது. சண்டைக்காலத்தில் பலாலி முழுக்க இராணுவத்தின் கையில் போய், அந்த விமானமும் நின்று, அத்தை தலைமுறைக்குத் திருச்சி என்பது ரேடியோவில் கேட்கும் ஊராக மட்டும் ஆகிவிட்டது.

தை மாதம் அத்தை முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். வாடைக்காற்று அடங்கியிருக்காது, கப்பல் இல்லை. விமானத்துக்கு எடுத்துவிட்டேன், பின்வரிசையில், இடப்பக்க ஜன்னல். பலாலியில் எழும்பித் திரும்பும்போது காரைநகரும் அதற்கப்பால் தீவுகளும் அந்தப் பக்கம்தான் தெரியும். போனில் சொன்னதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "தம்பி, அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நான் எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?"